ஹைதராபாத்தின் கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகள்: சேர்க்கும் முன் எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்

மாற்றலாகியோ புதிய வேலை கிடைத்தோ ஹைதராபாத்துக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போகும் மகன் இருந்தால், சில பெயர்கள் தவறாமல் காதில் விழும். கன்ஃபவுண்டரியில் 1855-இல் தொடங்கிய ஆல் செயின்ட்ஸ், அபிட்ஸ் சிராக் அலி லேனில் 1953-இல் வந்த லிட்டில் ஃபிளவர், அதற்கு அடுத்த ஆண்டு ஹைதர்குடாவில் தொடங்கிய செயின்ட் பால்ஸ், செகந்திராபாத்தின் செயின்ட் பேட்ரிக்ஸ். எல்லாம் கத்தோலிக்கத் துறவு சபையினரின் கையில் வளர்ந்தவை. ஆண் பிள்ளைகளுக்கான பள்ளிகள் என்று பெயர் பெற்றவை. தெலங்கானா மாநிலப் பாடத்திட்டத்தில், பத்தாம் வகுப்பு எஸ்எஸ்சி தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவை. "அங்கே சேர்த்துவிட்டால் கவலை இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு, "அதெல்லாம் அந்தக் காலம்" என்பவர்களும் உண்டு. இரண்டையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பெயரில் 'செயின்ட்' என்று இருந்தாலே கத்தோலிக்கப் பள்ளிதானா?

இல்லை. அபிட்ஸிலேயே 1834 முதல் இயங்கும் செயின்ட் ஜார்ஜ்ஸ் கிராமர் ஸ்கூல் ஆங்கிலிகன் வழியில் வந்தது, தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தது. அதுவாவது ஒரு திருச்சபையின் பள்ளி. நகரம் முழுக்கத் தனிநபர்களும் அறக்கட்டளைகளும் புனிதர் பெயரில் நடத்தும் பள்ளிகள் ஏராளம். அவற்றுக்கும் எந்தத் திருச்சபைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளியை நடத்தும் சங்கத்தின் பெயரைக் கேளுங்கள். ஆல் செயின்ட்ஸ், லிட்டில் ஃபிளவர், செயின்ட் பால்ஸ் மூன்றும் மாண்ட்ஃபோர்ட் வழிவந்த புனித கேப்ரியல் சகோதரர்களின் பள்ளிகள். ஏற்காட்டில் 1917-இல் மாண்ட்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கிய அதே சபை. செயின்ட் பேட்ரிக்ஸை நடத்துவோர் இயேசு சபையினர். சிறுபான்மை நிறுவனம் என்று ஒரு பள்ளி சொல்லிக்கொண்டால் அதற்கான சான்று இருக்கும். மத்தியில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கான தேசிய ஆணையம் அந்த அந்தஸ்தை வழங்குகிறது.

இது அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

மாநிலப் பாடத்திட்டம் என்பதால் அரசுப் பள்ளி என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பாடநூலும் தேர்வும் மட்டுமே அரசுடையவை. நிர்வாகம் சபையுடையது. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தால் அது அரசு உதவி பெறும் பள்ளி, கொடுக்காவிட்டால் சுயநிதிப் பள்ளி. ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் சேர்ந்திருப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளியில் படித்து வளர்ந்த பெற்றோர், இங்கேயும் கட்டணம் பெயரளவுக்குத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போய்த் திகைக்கிறார்கள். ஆந்திரா ஒன்றாக இருந்த காலத்திலிருந்தே, உதவி பெறும் பணியிடத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடப்பது வழக்கமாகிவிட்டது. அந்த இடத்துக்கு நிர்வாகமே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க, அந்தச் செலவு பெற்றோர் தலையில் விழுகிறது.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு மத்தியக் கல்வி அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடினால், நிர்வாக வகை, மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரங்கள் கிடைக்கும். பள்ளி அலுவலகத்தில் கேட்பதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. இடம் கிடைக்குமா?

கிடைக்கும். 2011 கணக்கெடுப்புப்படி தெலங்கானா மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களிலும் கத்தோலிக்கர் ஒரு பகுதிதான். இந்தப் பள்ளிகளின் வகுப்பறைகளை நிரப்பி வந்தவர்கள் பெரும்பாலும் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளே. தன் முதல் மூன்று டெஸ்ட் போட்டிகளிலும் சதம் அடித்த முகமது அசாருதீன் ஆல் செயின்ட்ஸ் மாணவர். வி.வி.எஸ். லட்சுமண் லிட்டில் ஃபிளவர் மாணவர்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அரசுப் பணம் பெறும் நிறுவனம் மதம், சாதி, மொழி காரணமாக மட்டும் ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29(2). இரண்டையும் உச்ச நீதிமன்றம் சேர்த்துப் படித்து, உதவி பெறும் சிறுபான்மை நிறுவனம் தன் சமூகத்தாருக்குப் பாதி இடங்கள் வரை ஒதுக்கலாம் என்று டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில் 1991-இல் கூறியது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கின் 11 நீதிபதிகள் அமர்வு, விழுக்காட்டை அப்படி இறுக்கிப் பிடிக்காமல், மற்றவர்களுக்கும் நியாயமான அளவு இடம் வேண்டும் என்றது. நடைமுறையில் பங்குத்தந்தையின் கடிதத்தோடு வரும் கத்தோலிக்கப் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டு. பழைய மாணவரின் மகன், ஏற்கெனவே படிக்கும் பையனின் தம்பி ஆகியோருக்கும் சலுகை காட்டுவது வழக்கம். அதற்குப் பிறகு மிஞ்சும் இடங்கள் எத்தனை என்று கேளுங்கள்.

மதத்தைத் திணிப்பார்களா?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். பள்ளி முதல்வரிடம் நேரடியாகவே கேட்கலாம், அதில் தவறில்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசமைப்பின் 28(3) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து வைப்பதே இந்தப் பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். 2024-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுதலை அனுப்பியது. பிற சமய மாணவர்மீது கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்க வேண்டாம், காலைக் கூட்டத்தில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்கச் செய்யுங்கள், எல்லாச் சமயத்தாரும் பிரார்த்திக்க ஓர் அறை ஒதுக்குங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் பார்க்கப் போகும் பள்ளியில் அது எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. முடிந்தால் ஒரு நாள் காலைக் கூட்டத்தின்போது வாசலில் நின்று பாருங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இலவச இடம் உண்டா?

கிடையாது. பிரமதி அறக்கட்டளை வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்க வேண்டும் என்று அனுப்பியது. கட்டணச் சலுகை வேண்டும் என்றால், சபை தன் விருப்பத்தில் தருவதைத்தான் கேட்க முடியும். ஏழைப் பிள்ளைகளின் கல்வியைத் தம் பணியாகச் சொல்லும் சபைகள் இவை. ஆகவே, எத்தனை பேருக்குச் சலுகை தருகிறீர்கள் என்று கேட்கும் உரிமை வசதியுள்ள பெற்றோருக்கும் உண்டு என்பது என் எண்ணம்.

டொனேஷன் கேட்டால்?

கொடுக்காதீர்கள். ஒருங்கிணைந்த ஆந்திராவில் 1983-இல் வந்த கேபிடேஷன் கட்டணத் தடைச் சட்டம் தெலங்கானாவிலும் தொடர்கிறது. எந்தத் தொகைக்கும் ரசீது கேளுங்கள். ரசீதில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 1994-ஆம் ஆண்டின் முதல் அரசாணை, தனியார் பள்ளியின் கட்டண வருவாயில் பாதி ஆசிரியர் ஊதியத்துக்குப் போக வேண்டும், நிர்வாகத்தின் லாபம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வகுத்தது. அதை எந்தப் பள்ளி எவ்வளவு பின்பற்றுகிறது என்பது தனிக்கதை. ஆனால் ஆசிரியருக்கு என்ன சம்பளம், எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்ற கேள்விக்கு அதுவே அடிப்படை.

ஆண்டுதோறும் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பேனர் வைக்கிறார்களே, அதைவிட வேறு என்ன வேண்டும்?

நிறைய வேண்டும். இந்தச் சந்தேகத்துக்குத்தான் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025-இல் தெலங்கானா எஸ்எஸ்சி தேர்வில் மாநிலம் முழுவதும் தேர்ச்சி பெற்றவர்கள் 92.78 விழுக்காடு. குக்கிராமத்து அரசுப் பள்ளி, விடுதிப் பள்ளி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. கட்டணம் கட்ட வசதியும், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளும், டியூஷனும் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் நகரப் பள்ளி நூறைத் தொடுவதில் வியப்பதற்கு அதிகம் இல்லை. அதே தேர்வில் பெண்கள் 94.26, ஆண்கள் 91.32. ஏறக்குறைய 3 புள்ளி வித்தியாசம். ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளியைப் பக்கத்து இருபாலர் பள்ளியோடு ஒப்பிடும்போது இந்த இடைவெளியை மறந்துவிடக் கூடாது. ஒரு ஆண்கள் பள்ளி 96 வாங்கியிருந்தால், 98 வாங்கிய கான்வென்ட்டைவிட அது தாழ்ந்தது என்று உடனே முடிவு கட்ட முடியாது.

அதைவிட முக்கியமானது, நூறு விழுக்காடு எந்த எண்ணிக்கையில் நூறு என்பது. எட்டாம் வகுப்பில் 160 பேர் இருந்து, பத்தாம் வகுப்புத் தேர்வை 130 பேர் எழுதி, 130 பேரும் தேறினாலும் பேனரில் நூறுதான். அந்த 30 பேர் எங்கே போனார்கள்? அப்பாவுக்கு மாற்றல் வந்து போனவர்கள் சிலர் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் "உங்கள் பையனுக்கு வேறு பள்ளி பாருங்கள்" என்று அன்பாகச் சொல்லி டிசி கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? இந்த நகரத்தில் பள்ளியின் தரத்தை அளக்க என்னைக் கேட்டால் நான் சொல்லும் முதல் கணக்கு இதுதான். தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு எட்டாம் வகுப்பின் எண்ணிக்கையையும், இரண்டு ஆண்டு கழித்துத் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்லும் முதல்வரைக் கண்டால், பாதி வேலை முடிந்தது.

அடுத்து, முதல் மதிப்பெண் எடுத்த பையனைப் பற்றிக் கேட்காதீர்கள். அவன் எந்தப் பள்ளியிலும் எடுத்திருப்பான். கடைசிக் கால்பங்கில் இருக்கும் பையன்களைப் பற்றிக் கேளுங்கள். கணக்கில் 40 வாங்கும் பையனுக்கு மாலையில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அதற்குத் தனிக் கட்டணமா? மதிப்பெண்ணை வைத்து செக்‌ஷன் பிரிக்கிறார்களா? பிரித்தால் கடைசி செக்‌ஷனுக்குப் போகும் ஆசிரியர் யார், அனுபவசாலியா, போன மாதம் சேர்ந்தவரா? பையன்கள் நிறைந்த வகுப்பில் தோற்றவன் கேலிக்கு ஆளாவது எளிது. அதை ஒரு பள்ளி எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் சகோதரர்களின் மரபு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். பழைய மாணவர்கள் நாற்பது ஆண்டு கழித்தும் ஒரு பிரதரின் பெயரைச் சொல்லி நெகிழ்வதற்குக் காரணம், அந்த பிரதர் வளாகத்திலேயே தங்கியிருந்தார், மாலை மைதானத்தில் நின்றார், எந்தப் பையன் வீட்டில் என்ன கஷ்டம் என்று அறிந்திருந்தார் என்பதே. துறவு வாழ்வுக்கு வருவோர் குறைந்துவிட்ட இந்தக் காலத்தில், இன்று அந்தப் பள்ளியில் எத்தனை பிரதர்கள் வகுப்பெடுக்கிறார்கள், அலுவலகத்தில் மட்டும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அசாருதீன் படித்த பள்ளி, லட்சுமண் படித்த பள்ளி என்ற பெருமைக்கும் இதே அளவுகோல்தான். அவர்கள் ஆடிய காலத்தில் மைதானம் எவ்வளவு பெரிதாக இருந்தது, இப்போது அதில் எவ்வளவு மிச்சம், அணியில் இல்லாத சாதாரணப் பையன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அங்கே ஓடுகிறான் என்று பாருங்கள்.

பையனுக்குத் தெலுங்கு தெரியாதே?

தமிழ்க் குடும்பங்களுக்கு உண்மையான சிக்கல் இதுதான். 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெலங்கானாவில் ஒன்று முதல் பத்து வரை எல்லாப் பள்ளிகளிலும், எந்த வாரியமானாலும், தெலுங்கு கட்டாயப் பாடம். சிபிஎஸ்இ போனால் தப்பிக்கலாம் என்ற எண்ணம் இனிச் செல்லாது. ஆனால் 2025-இல் அரசு, சிபிஎஸ்இ முதலான பிற வாரியப் பள்ளிகளின் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 'வெண்ணெல' என்ற எளிய தெலுங்குப் பாடநூலை அனுமதித்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழித் தேர்வுகள். தெலுங்கை முதல் மொழியாக எடுத்தால் செய்யுளும் இலக்கணமும் கனமாக இருக்கும், இந்தியை முதல் மொழியாக வைத்துத் தெலுங்கை இரண்டாம் மொழியாக எடுத்தால் சுமை குறையும். உங்கள் பள்ளியில் அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். மூன்றாம் வகுப்பில் வரும் பையன் இரண்டே ஆண்டில் தெலுங்கில் சண்டை போடுவான். எட்டாம் வகுப்பில் வருபவனுக்குத் தெலுங்குக்கென்று தனியாக ஓர் ஆசிரியர் வைக்காமல் முடியாது.

அடிக்கடி மாற்றலாகும் வங்கி, ரயில்வே, பாதுகாப்புத் துறைக் குடும்பம் என்றால், பெயர் எவ்வளவு பெரியதானாலும் மாநிலப் பாடத்திட்டப் பள்ளியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேந்திரிய வித்யாலயாதான் பையனுக்கு நல்லது.

பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுமாமே?

ஆமாம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வரை ஒரே பள்ளி என்று பழகியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இங்கே பத்துக்குப் பிறகு இன்டர்மீடியட், அது தனி வாரியம், தனி ஜூனியர் காலேஜ். ஆக, பதினாறு வயதில் பையனை இன்னொரு முறை வேறு இடத்தில் சேர்த்தாக வேண்டும். அதற்காகவே ஆறாம் வகுப்பிலிருந்து 'ஐஐடி ஃபவுண்டேஷன்' நடத்தும் பள்ளிகளுக்குக் கூட்டம் போகிறது. சகோதரர்களின் பள்ளிகள் அந்தப் பந்தயத்தில் பின்தங்கிவிட்டன என்று சிலர் குறை சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மைதானமும் நூலகமும் நாடகமும் இருப்பதைக் குறையாக என்னால் பார்க்க முடியவில்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தெலங்கானாவில் மருத்துவம் போன்ற படிப்புகளில் உள்ளூர் மாணவர் என்ற தகுதி பெற, தகுதித் தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் இந்த விதியை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் உறுதி செய்தது. ஒன்பது, பத்து, இன்டரில் இரண்டு ஆண்டு, ஆக நான்கு. பையனை ஒன்பதில் கொண்டுவந்தால் கணக்கு நேராகும். பத்தில் கொண்டுவந்தால் ஓர் ஆண்டு குறையும். வீடு மாற்றும் தேதியை முடிவு செய்யும் முன் இதை யோசியுங்கள்.

ஆண் பிள்ளைகள் மட்டும் படிப்பது நல்லதா?

ஆய்வுகள் ஒருமனதாக இல்லை. 21 நாடுகளின் 16 லட்சம் மாணவர்களை உள்ளடக்கிய 184 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, தனிப்பாலர் பள்ளியால் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்றது. தென்கொரியாவின் சோல் நகரில் குலுக்கல் முறையில் பள்ளி ஒதுக்கப்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2013-இல் வந்த ஆய்வு, தனிப்பாலர் பள்ளிகளில் மதிப்பெண் சற்றுக் கூடுவதைக் கண்டது. உங்கள் பையனின் சுபாவத்தைப் பார்த்து முடிவெடுங்கள். வீட்டில் அக்காவோ தங்கையோ இல்லாத பையன் என்றால், பெண்களோடு இயல்பாகப் பேசிப் பழகும் வாய்ப்பை நீங்கள் வெளியே ஏற்படுத்தித் தர வேண்டும். பள்ளியில் எத்தனை ஆசிரியைகள் உயர் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்பதும் இங்கே முக்கியம்.

அடிப்பார்களா? பாதுகாப்பு எப்படி?

பிரம்புக்குப் பெயர்போன பள்ளிகளாக இவை இருந்த காலம் ஒன்று உண்டு. அதைப் பழைய மாணவர்கள் பெருமையாகச் சொன்னாலும் ஏற்க வேண்டாம். ஒருங்கிணைந்த ஆந்திராவில் 2002-லேயே பள்ளிகளில் உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிக்குப் பொருந்தாவிட்டாலும், 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தும்.

பாலியல் துன்புறுத்தல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வது என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறோம். 2012-இன் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் காக்கிறது. குற்றம் தெரிந்தும் போலீசில் தெரிவிக்காமல் மறைப்பது தனிக் குற்றம், தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. திருச்சபைக்குள்ளும், குருக்கள், துறவிகள்மீது வரும் புகார்களைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் அமைப்பு வேண்டும் என்று போப் பிரான்சிஸ் 2019 மே மாதம் ஆணையிட்டார். ஆகவே முதல்வரிடம் கேளுங்கள்: குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா, புகாரை யாரிடம் சொல்வது, அந்தக் குழுவில் வெளியாள் இருக்கிறாரா? பையனுக்கு 1098 என்ற எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்.

கச்சிபௌலியில் வீடு. அவ்வளவு தூரம் அனுப்பலாமா?

பழைய பள்ளிகள் எல்லாம் நகரின் பழைய நடுப்பகுதியில் இருக்கின்றன, புதிய வேலைகள் மேற்கே. மியாப்பூர் போன்ற இடங்களிலிருந்து மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் அசெம்பிளி, நாம்பள்ளி வரை வந்துவிடலாம். கச்சிபௌலிக்கு அந்தத் தடம் இல்லை. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பையனைத் தினமும் மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார வைக்கும் அளவுக்கு எந்தப் பள்ளியும் உயர்ந்ததில்லை. செகந்திராபாத்தின் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கவலை குறைவு.

என்னென்ன காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்?

பள்ளிகள் ஜூன் 12-ஐ ஒட்டித் திறக்கும். விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும் என்பதால், குளிர்காலத்திலேயே அலுவலகத்தை அணுகுங்கள். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், யுடைஸ் வழியாக வழங்கப்பட்ட பையனின் நிரந்தரக் கல்வி எண் ஆகியவை வேண்டும். வேறு மாநிலத்து மாற்றுச் சான்றிதழில் அந்த மாவட்டக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்பது வழக்கம். தமிழ்நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அதை வாங்கிவிடுங்கள். பிறகு அதற்காக மட்டும் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.